பள்ளி மணிக்குப் பின்னும் படித்தவர்கள்



யூபிலி என்பது திரும்பிப் பார்க்கும் காலம். ஆலயம் எழுந்த கதையையும், பணியாற்றிச் சென்ற குருக்களின் தியாகத்தையும், அன்பியங்கள் வளர்ந்த விதத்தையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் அன்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆகவே எனக்குத் தெரிந்த துறையைப் பற்றியே எழுத விழைகிறேன். வகுப்பறைக்கு வெளியே, தாமே முயன்று கற்றும் சிந்தித்தும் உயர்ந்த சிலரின் வரலாறு இது. அவர்களுள் முதன்மையானவர் நம் மண்ணுக்குரியவர். மற்றவர்களுள் பலர் நம் திருச்சபையின் பிள்ளைகள்.

இன்று சத்துவாச்சாரியில் மாலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் டியூஷன் வகுப்பு ஒன்றைக் காணலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பும் வந்த பின், படித்தவர்களும் படிக்க வைக்க விரும்புகிறவர்களும் மிகுந்த ஊராக இது மாறிவிட்டது. பிள்ளைகள் காலையில் பள்ளியில் எழுதியதையே மாலையில் மீண்டும் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் தேர்வு முடிந்த மறுநாள் அந்த நோட்டுப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

இதில் என் பங்கும் உண்டு. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் விடை எழுதிப்போட்டு, பிள்ளைகளை அப்படியே பார்த்தெழுதச் சொன்னவன் நான். ஒருநாள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "நோவாவின் பேழையில் மீன்களுக்கும் இடம் இருந்ததா, சார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "உட்காரம்மா, தேர்வில் இது வராது" என்று சொல்லிவிட்டேன். அவள் அதன் பிறகு எந்தக் கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நல்ல கேள்வி ஒன்றை நான் அணைத்துவிட்டேன் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த உறுத்தலே.

திருப்பத்தூர் தாலுக்கா அலுவலக எழுத்தர்

டாக்டர் மு. வரதராசனாரை அறியாத தமிழர் இலர். 'மு.வ.' என்ற இரண்டு எழுத்துகளால் தமிழுலகம் போற்றும் அப்பெருமகனார் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம் என்றாலும், பாட்டனாரின் பெயரான வரதராசன் என்பதே நிலைத்தது. அவருடைய இளமைக் காலம் வாலாஜாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூரில் கழிந்தது. உயர்நிலைக் கல்வியைத் திருப்பத்தூரில் முடித்தார். இரண்டும் அன்று நம்முடைய பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்த பின் வேலம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், திருப்பத்தூர் தன் பெயரிலேயே அமைந்த மாவட்டத்திலும் உள்ளன.

பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் அவர் கல்லூரிக்குப் போகவில்லை. திருப்பத்தூர் தாலுக்கா அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். சில காலத்தில் உடல்நலம் குன்றியதால் அவ்வேலையையும் விட நேர்ந்தது. நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் என்ன சொல்வோம்? "இனி இவன் படிப்பு அவ்வளவுதான்" என்று பெருமூச்சு விடுவோம். ஆனால் மு.வ. அவர்களின் உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது.

திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்னும் தமிழறிஞரிடம் அவர் தமிழ் கற்றார். மற்றதைத் தாமே படித்தார். 1931-இல் வித்துவான் முன்னிலைத் தேர்வில் தேறினார். கல்லூரியில் சேராமல் தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வை எழுதி, சென்னை மாகாணத்திலேயே முதல் மாணவராக வெற்றி பெற்றார். அதற்காகத் திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அக்காலத்து ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெருந்தொகை என்பதை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

அவ்வாண்டே திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார். பகலில் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டே தாமும் கற்றார். 1939-இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றுச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். தமிழ் வினைச்சொற்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1944-இல் எம்.ஓ.எல். பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருள் பற்றிய ஆய்வுக்காக 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அப்பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வுக்காக அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1972-இல் அமெரிக்க நாட்டின் ஊஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கியப் பேரறிஞர் என்ற சிறப்புப் பட்டம் அளித்தது. 1974-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மறைந்தார். அரசு அலுவலகத்தில் கோப்புகளைப் படியெடுத்த இளைஞர் ஒருவர், கல்லூரி வகுப்பு எதிலும் மாணவராக அமராமலே பல்கலைக்கழகத்தின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார்.

அவருக்குத் துணைநின்றவை

இதைப் படித்ததும், "அவர் மேதை, நம்மால் ஆகுமா?" என்று தோன்றும். அவர் மேதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கற்ற வழியைச் சற்றே ஆராய்ந்தால், அதில் நமக்கும் எட்டக்கூடியவை பல உண்டு என்பது விளங்கும்.

முதலாவதாக, அவர் தனியே கற்றார் என்பதால் துணையின்றிக் கற்றார் என்று பொருளாகாது. ஊரிலேயே இருந்த ஒரு நல்லாசிரியரைத் தேடிச் சென்று கேட்டார். தானாகக் கற்பவனுக்கும் வழிகாட்டி வேண்டும். ஆனால் அவ்வழிகாட்டி சோறு ஊட்டுபவராக இராமல் அடுப்பு மூட்டக் கற்பிப்பவராக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, அந்நாளைய வித்துவான் தேர்வு வெளியிலிருந்து படித்து எழுதுவோர்க்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. எங்கே படித்தாய் என்று கேட்காமல், என்ன படித்தாய் என்று கேட்ட தேர்வு அது. இன்றும் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. இடையில் படிப்பை விட்டு ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இக்கதவுகள் இருப்பதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

மூன்றாவதாக, தாம் கற்றதை அவர் பிறர்க்கு எளிமையாக்கிக் கொடுத்தார். திருக்குறளுக்கு அவர் எழுதிய தெளிவுரையைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் சட்டைப்பையில் அடங்கும் சிறு நூலாக வெளியிட்டது. புலவர்கள் நீண்ட உரை எழுதிய குறள்களுக்கு இரண்டு மூன்று வரிகளில் தெளிந்த பொருள் சொன்னார். பண்டிதரின் துணையின்றி எவரும் குறளைப் படிக்கலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. தாமே படித்து அறிந்தவர் ஆதலால், தனியாகப் படிப்பவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு எனக் கடித வடிவில் அவர் எழுதிய நூல்களும் இத்தகையனவே. வகுப்பில் பேசுவதுபோல் பேசாமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல் எழுதினார்.

அகராதி தந்த குருவானவர்

இனி நம் திருச்சபையின் பக்கம் வருவோம். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து, இயேசு சபைக் குருவாகி, தமிழகம் வந்து, 1747-இல் இறைவனடி சேர்ந்த வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவே பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு பெருங்காப்பியம் பாடியவர் என்ற பெருமை அவருக்கு என்றும் உண்டு. ஆனால் தனியாகக் கற்பவர்க்கு அவர் செய்த உதவி, 1732-இல் உருவாக்கிய சதுரகராதியே.

அந்நாளில் ஒரு சொல்லுக்குப் பொருள் அறிய நிகண்டுகளை நாட வேண்டும். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. திண்ணைப் பள்ளியில் சிறுவயதிலேயே அவற்றை மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அவை பயன்படும். மனப்பாடம் செய்யாதவன் ஒரு சொல்லுக்காக நிகண்டு முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். 1594-இல் சிதம்பரம் இரேவணசித்தர் அகரவரிசைப்படி ஓர் அகராதி நிகண்டு செய்தார் என்றாலும் அதுவும் செய்யுள் வடிவினதே. வீரமாமுனிவர் செய்யுளை நீக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகத் தம் அகராதியை அமைத்தார். எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் தாமே சொல்லைத் தேடிப் பொருள் காணும் வழி அதனால் விரிந்தது.

இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். நிகண்டு ஆசிரியரின் வாயிலிருந்து மாணவனின் நெஞ்சுக்குப் போவது. அகராதியோ மாணவனின் கையில் இருப்பது. அந்நியனாக வந்து, வயது வந்த பின் தமிழை எழுத்தெழுத்தாகக் கற்றவர் ஆதலால், புதிதாகக் கற்பவனின் இடர்ப்பாட்டை அவர் நன்கு அறிந்திருந்தார். எ, ஏ என்ற குறிலுக்கும் நெடிலுக்கும், ஒ, ஓ என்பவற்றுக்கும் எழுத்தில் தெளிவான வேறுபாடு காட்டியதும் அந்த அனுபவத்தின் பயனே எனலாம்.

தன்னை எண்ண மறந்தவர்கள்

அதே முனிவர் நமக்கு ஒரு சிரிப்புக் கதையும் விட்டுச் சென்றார். பரமார்த்த குருவும் அவருடைய சீடர்களான மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐவரும் செய்யும் கோமாளித்தனங்களை நாம் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஆற்றைக் கடந்து கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எண்ணுகிறான். யார் எண்ணினாலும் ஓர் ஆள் குறைகிறது. ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று எல்லாரும் அழுகிறார்கள்.

சிரித்து முடித்த பின் இக்கதையைச் சிந்திக்க வேண்டும். அச்சீடர்கள் குருவிடம் பக்தி இல்லாதவர்களல்லர், பக்தி நிறைந்தவர்கள். சொன்னதைச் செய்பவர்கள். எண்ணவும் தெரிந்தவர்கள். கணக்கில் தன்னையும் சேர்த்துக்கொள்ளத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. இன்று நம் பிள்ளைகளின் படிப்பிலும் இதுவே குறை. புத்தகம் என்ன சொல்கிறது என்று தெரியும், ஆசிரியர் என்ன சொன்னார் என்று தெரியும், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். தன்னை எண்ண மறந்த கணக்கு அது. கண்மூடிப் பின்பற்றுவதைக் கேலி செய்யும் இக்கதையை எழுதியவர் ஒரு குருவானவர் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

வளர்ந்த பின் மாணவரான தனிநாயகம் அடிகள்

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் கொழும்பிலும் உரோமையிலும் பயின்று குருப்பட்டம் பெற்றவர். பல ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்தவர். தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளிக்கு வந்த பிறகுதான், தம் தாய்மொழியின் பழம்பெரும் இலக்கியங்களைத் தாம் கற்கவில்லை என்பதை உணர்ந்தார். மற்றவராயின் அதை மறைத்திருப்பர். அடிகளாரோ ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து கற்றார். பிறகு 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். முனைவர் பட்டம் பெற்ற ஒரு குரு, இளைஞர்களோடு பெஞ்சில் அமர்ந்து பாடம் கேட்ட காட்சியை மனக்கண்ணால் காணுங்கள்!

அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருளும் சங்கப் பாடல்களில் இயற்கை என்பதே. நம் மு.வ. ஆராய்ந்த அதே துறை. ஒருவர் தாலுக்கா அலுவலகத்திலிருந்து வந்தார். மற்றவர் உரோமைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். இருவரும் ஒரே காட்டு வழியில் நடந்தார்கள்.

அடிகளார் படித்ததோடு நில்லாமல் தேடினார். உலக நூலகங்களில் முடங்கிக் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தமிழர் கண்முன் கொண்டுவந்தார். அன்றாவ் தெ புரோயென்சா என்னும் இயேசு சபைக் குரு தொகுத்து 1679-இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை உரோமையில் கண்டு, 1966-இல் மீண்டும் பதிப்பித்தார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவரே. 1980-இல் அவர் மறைந்தார். தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்ட நாளில் தொடங்கிய கல்வி, ஓர் இனத்தையே தன் வரலாற்றைத் தேட வைத்தது.

மாடு மேய்த்த சிறுவனும் நம் மறைமாவட்டமும்

நம் வேலூர் மறைமாவட்டம் 1952-இல் உருவானது. அதற்கு முன், 1928 முதல் இப்பகுதியில் உழைத்தவர்கள் சலேசிய சபையினர். அச்சபையின் தந்தையான தொன் போஸ்கோவின் இளமையும் நம் தலைப்புக்கு உரியதே.

இரண்டு வயதில் தந்தையை இழந்தவர் அவர். வயல் வேலைக்கு ஆள் வேண்டும் என்று மூத்த சகோதரர் அவருடைய படிப்பை வெறுத்தார். மாடு மேய்க்கும்போதும் கையில் புத்தகம் இருக்கும். 1829-இல் ஒருநாள் தியானப் பிரசங்கம் கேட்டுத் திரும்புகையில், கலோசோ என்ற முதிய குரு அச்சிறுவனிடம் பிரசங்கத்தில் என்ன கேட்டாய் என்று வினவினார். சிறுவன் பிரசங்கத்தையே விரிவாகத் திரும்பச் சொன்னான். வியந்த குரு அவனுக்கு இலத்தீன் கற்பித்தார். அடுத்த ஆண்டே அக்குரு இறந்தாலும், அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

குருவான பின் தொன் போஸ்கோ, தூரின் நகரில் கொத்து வேலையும் கூலி வேலையும் செய்த சிறுவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்தினார். அவர்களுக்கு ஏற்ற நூல் இல்லாதபோது தாமே எழுதினார். 1840-களில் அந்நாட்டில் புதிய மெட்ரிக் அளவை முறை வரவிருந்த வேளையில், எளிய மக்கள் கடைவீதியில் ஏமாறாமலிருக்க அதை விளக்கும் சிறுநூல் ஒன்றையும் எழுதினார். மு.வ. எழுத்தராகப் பணியாற்றிய அதே திருப்பத்தூரில் 1951-இல் சலேசியர் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினர். காட்பாடியில் 1954-இல் சலேசிய அருட்சகோதரிகள் அக்சிலியம் கல்லூரியை நிறுவினர். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அங்கே படித்தார்கள்! கல்லூரிகள் வந்துவிட்டன. ஆனால் அக்கல்லூரிகளைத் தோற்றுவித்த சபையின் தந்தை, மாடு மேய்த்துக்கொண்டே படித்த சிறுவன் என்பதை நாம் மறக்கலாகாது.

கேள்வி விசுவாசத்துக்குப் பகையா?

சுயமாகச் சிந்திக்கச் சொன்னால் பிள்ளைகள் விசுவாசத்தை இழந்துவிடுவார்களே என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆயினும் நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டும், அவர்களிடம் வினவியும் இருந்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. கேட்பதும் கேள்வி எழுப்புவதும் அங்கே இணைந்தே இருந்தன.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலை அமைத்த முறையைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளிலும் தம் முடிவை முதலில் சொல்வதில்லை. எதிர்த்தரப்பார் கூறும் தடைகளை வரிசையாக எடுத்துரைப்பார். பின்பே தம் விளக்கம். இறுதியில் ஒவ்வொரு தடைக்கும் விடை. கிரேக்க அரிஸ்டாட்டிலையும், இஸ்லாமிய அறிஞர்களான அவிசென்னா, அவெரோஸ் ஆகியோரையும், யூத அறிஞர் மைமோனிதசையும் அவர் படித்து எடைபோட்டார். எதிர்க்கருத்தைக் கண்டு அஞ்சாதவரையே திருச்சபை தன் மறைவல்லுநர் என்று போற்றுகிறது.

நம் வேலூரிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் இராதாகிருஷ்ணன் இங்குள்ள ஊரிசுக் கல்லூரியில் 1904 வரை பயின்று, பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். வறுமையின் காரணமாக, உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த தத்துவப் புத்தகங்களே அவருடைய பாடத்துறையைத் தீர்மானித்தன. இந்து சமயத்தைப் பற்றி மிஷனெரிகள் கூறிய குறைகள் அவர் உள்ளத்தைச் சுட்டன. அதற்காக அவர் கோபித்துக்கொண்டு கல்லூரியை விட்டு ஓடவில்லை. தம் சமய நூல்களைத் தாமே ஆராய்ந்து, இருபது வயதில், 1908-இல், வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். அவருடைய கிறிஸ்தவப் பேராசிரியர் ஹாக் அதைப் பாராட்டினார். மாணவர் ஆசிரியரோடு மாறுபட்டார். ஆசிரியர் அவரை மதித்தார். இருவரும் பெருமைக்குரியவர்கள். நம் பிள்ளை நம்மோடு மாறுபட்டால் நாம் எந்த ஆசிரியரைப் போல் நடந்துகொள்வோம்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், இறைவார்த்தையை விசுவாசிகள் அனைவரும் தாமே வாசிக்கத் தாராளமாக வழிசெய்ய வேண்டும் என்று பணித்தது. 1995-இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பும் நம் கைக்கு வந்தது. வீட்டுப் பீடத்தில் பூவோடு வைத்திருக்கும் அந்நூலைத் திறந்து, படித்து, விளங்காததைப் பங்குத்தந்தையிடம் கேட்பதே நாம் தொடங்கக்கூடிய முதற் சுயகல்வியாகும்.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

வரலாறு பெருமை பேசுவதற்கு மட்டும் அன்று. நம்மால் இயலும் மூன்று காரியங்களை இந்த யூபிலி ஆண்டில் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று, வாசிப்பறை. சீர்காழியில் 1892-இல் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். மாட்டுவண்டியில் நூலகம் நடத்த முடிந்த தமிழ்நாட்டில், ஒரு பங்கு மண்டபத்தின் மூலையில் இரண்டு அலமாரியும் ஒரு பெஞ்சும் போட முடியாதா? ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்திருந்தாலே போதும்.

இரண்டு, ஒருவர்க்கொருவர் கற்பித்தல். சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைப் புகுத்தி, மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். 1797-இல் அவர் இங்கிலாந்தில் வெளியிட்ட அறிக்கையால் அது 'சென்னை முறை' என்று பிற நாடுகளிலும் பரவியது. பிறர்க்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது விளங்கும். நம் பிளஸ் டூ மாணவர்கள் வாரம் ஒருநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமரட்டும்.

மூன்று, உழைக்கும் கைகளுக்கும் வாசிப்பு. கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். கேரளத்துக் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர் நடுவே ஒருவர் செய்தித்தாள் வாசிப்பதும், அந்நேரத்தில் அவர் சுற்ற வேண்டிய பீடிகளை மற்றவர்கள் சுற்றி ஈடுகட்டுவதும் வழக்கமாக இருந்தன. நம் வேலூர், குடியாத்தம் பகுதிகளில் பீடி சுற்றும் தாய்மார்கள் மடியில் முறத்தை வைத்து மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறார்கள். கைகளுக்கு வேலை உண்டு. காதுகள் காலியாக இருக்கின்றன. பள்ளி விட்டு வந்த மகள் அரைமணி நேரம் அம்மாவுக்கு ஒரு நூலை வாசித்துக் காட்டினால் இருவரும் கற்பார்கள். கைப்பேசியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்தால் ஆயிரக்கணக்கான நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அந்தக் கைப்பேசியைத்தான் நாள்தோறும் வேறு பலவற்றுக்குப் பயன்படுத்துகிறோம்.

படிப்பறியாதவர் என்று நாம் எண்ணுவோரிடமும் சிந்தனை இல்லாமல் இல்லை. தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் பெரியவர் ஒருவர், தோலைக் கையால் தடவிப் பார்த்தே அதன் குறையைச் சொல்லிவிடுவார். எந்தப் பள்ளியும் அதை அவருக்குக் கற்பிக்கவில்லை. பார்த்தும், தொட்டும், தவறியும், திருத்தியும் கற்றது அது. புத்தகப் படிப்பும் அவ்வாறே தொட்டுப் பார்த்துக் கற்கப்படுமானால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழிக்கு இடமிராது.

இறுதியாக, அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். தொடக்க நூலைப் பிறகு எடுத்துப் படித்தேன். நிலத்தில் மூச்சுவிட்டு வாழ்ந்த உயிர்கள் மாண்டன என்றே அங்குச் சொல்லப்பட்டுள்ளது. மீன்களைப் பற்றிய பேச்சில்லை. அவள் கேட்டது அறியாமையால் அன்று. நூலைக் கூர்ந்து எண்ணியதால். அன்று நான், "வா அம்மா, சேர்ந்து படித்துப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். இன்று அவள் எங்கோ குடும்பத்தோடு வாழ்கிறாள். இம்மலர் அவள் கைக்கு எட்டுமாயின், அவளுடைய ஆசிரியனின் தாமதமான விடையாக இதை ஏற்றுக்கொள்ளட்டும். அவளுடைய பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது அவள் அவர்களை உட்காரச் சொல்லாதிருக்கட்டும்.

ஞானத்தின் ஊற்றாகிய தூய ஆவியார், இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கின் ஒவ்வோர் இல்லத்திலும் கற்கும் ஆர்வத்தையும் சிந்திக்கும் துணிவையும் பொழிந்தருள்வாராக!